வாளில்லாத வாள்பிடிகள்: ஆங்கிலோ-சாக்சன் புதையல்களைப் படிக்கும் முறை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஸ்டாஃபோர்ட்ஷயரில், ஹாமர்விச் ஊரை ஒட்டிய ஓர் உழவு வயலில் 2009 ஜூலை 5 அன்று மெட்டல் டிடெக்டரோடு நடந்த ஒருவருக்குத் தங்கத் துண்டுகள் கிடைத்தன. எல்லாவற்றையும் திரட்டி எடை போட்டபோது தங்கம் ஏறத்தாழ 4 கிலோ, வெள்ளி ஏறத்தாழ 1.7 கிலோ. நொறுங்கல்களையும் சேர்த்து 4,600 துண்டுகள் வரை எண்ணப்பட்டன. ஒட்டிப் பார்த்தால் 700 அளவிலான பொருட்கள். விலை 32.85 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். ஆங்கிலோ-சாக்சன் காலத் (ரோமானியர் போனபின் குடியேறிய ஜெர்மானிய இனத்தவர், ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தை ஆண்ட காலம்) தங்கம் ஒரே இடத்தில் இவ்வளவு கிடைத்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

செய்தித்தாள்கள் எடையையும் விலையையும் எழுதின. எனக்கு இந்தப் புதையலில் முக்கியமாகத் தெரிவது அதில் இல்லாத பொருட்கள். வாள்பிடியின் முனைக் குமிழ்கள் 70-க்கும் மேல் இருக்கின்றன. வாளின் அலகு ஒன்றுகூட இல்லை. அக்காலப் பெண்கள் அணிந்த தோள் ஊசி, பதக்கம், மணிமாலை எதுவும் இல்லை. இடைவாரின் கொக்கிகள்கூட அரிது. ஏழாம் நூற்றாண்டில் மன்னருக்கு அடுத்த நிலையில் இருந்த போர்வீரர்களின் ஆயுதங்களிலிருந்து தங்கத்தை மட்டும் உரித்தெடுத்து யாரோ சேர்த்து வைத்திருக்கிறார்கள். மண்ணுக்குள் கிடந்த பொருளைப் பார்க்கும்போது எது இருக்கிறது, எது இல்லை, எது எப்படி உடைந்திருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். தங்கம் மட்டும் பதில் தராது.

ஒரு சாக்சன் வாளின் பிடியைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும். அலகிலிருந்து நீளும் இரும்பு வால் பிடிக்குள் நுழையும். அதன்மேல் கொம்பாலோ மரத்தாலோ ஆன கீழ்க்காப்பு, கைப்பிடி, மேல்காப்பு என்று வரிசையாகக் கோப்பார்கள். காப்புகளின் மேலும் கீழும் தங்கத் தகடுகள் ஒட்டி நிற்கும். கைப்பிடியின் இரு முனைகளிலும் தங்க வளையப் பட்டைகள் வரும். உச்சியில், இரும்பு வால் தட்டி மடக்கப்பட்ட இடத்தை மூடித் தொப்பி போலக் குமிழ். ஆக ஒரு வாளில் ஒரு குமிழ், இரண்டு பட்டைகள், நான்கு தகடுகள் வரை இருக்கலாம். ஸ்டாஃபோர்ட்ஷயர் துண்டுகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்தவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் எது எதனோடு சேரும் என்று தேடினார்கள். ஆணித் துளைகளின் இடைவெளி, கம்பி வேலையின் பாணி, பல ஆண்டுகள் கை உராய்ந்த தேய்மானம் ஆகியவை துணைச் சான்றுகள். சில குமிழ்களின் ஒரு பக்கம் மற்றதைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது. வாள் இடுப்பில் தொங்கும்போது வெளியே தெரியும் பக்கம், உடம்போடு உராயும் பக்கம், ஓய்வாக நிற்கையில் உள்ளங்கை படியும் பக்கம் என்ற வேறுபாடு அதில் பதிந்திருக்கிறது.

தகடுகளின் விளிம்புகளில் வெட்டுத் தழும்பும், இடுக்கியால் பிடித்து இழுத்த நெளிவும் தெளிவாகத் தெரிகின்றன. அவசரமாகக் கழற்றியிருக்கிறார்கள், ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்தவர்கள்தான் கழற்றியிருக்கிறார்கள். நல்ல இரும்பு அலகை மறுபடி பிடி போட்டுப் பயன்படுத்தலாம், தங்கத்தை உருக்கலாம் என்பது அவர்களுடைய கணக்கு. கிறித்தவப் பொருட்களும் இதில் உண்டு. மடக்கப்பட்ட ஒரு தங்கச் சிலுவை. 'எழுந்தருளும் ஆண்டவரே, உம் பகைவர் சிதறட்டும், உம்மை வெறுப்பவர் உம் முன்னின்று ஓடட்டும்' என்ற எண்ணாகமம் 10:35 வசனத்தை லத்தீனில் பொறித்த ஒரு வெள்ளிப் பட்டை, மேலே தங்க முலாம். சிலுவை மடங்கியிருப்பதைப் பார்த்ததும், பழைய தெய்வங்களை வணங்கிய ஒருவன் கிறித்தவத்தின்மேல் காட்டிய வெறுப்பு என்று சொல்வது எளிது. நடு இங்கிலாந்தின் மெர்சியா நாட்டை ஆண்டவனும் 655-இல் போரில் இறந்தவனுமான மன்னன் பெண்டா கிறித்தவன் அல்லன் என்பதால் இந்தக் கதைக்கு ஆளும் கிடைத்துவிடுகிறார். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. உலைக்குப் போகவிருக்கும் உலோகத்தைச் சிறு பைக்குள் அடக்க மடக்குவது இயல்பான காரியம். வாள் தகடுகளும் அதேபோல்தான் நெளிந்திருக்கின்றன. பொருட்கள் செய்யப்பட்ட காலம் ஏறத்தாழ 570 முதல் 650 வரை, புதைத்த காலம் 650-க்கும் 675-க்கும் இடையில் என்பது பாணியையும் எழுத்துவடிவத்தையும் உலோகத்தையும் வைத்துச் சொல்லப்படும் முடிவு. அதைத் தாண்டி ஒரு மன்னனின் பெயரைக் கட்டுவதற்கு இந்த வயல் இடம் தரவில்லை. புதைத்த குழியின் எல்லைகூட மிஞ்சவில்லை. பல நூற்றாண்டு உழவு எல்லாவற்றையும் மேல்மண்ணில் இழுத்துப் பரப்பிவிட்டது. 2012-இல் அதே வயலை மறுபடி உழுதபோது இன்னும் 81 துண்டுகள் வந்தன.

துண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு மெல்லிய வெள்ளித் தகட்டு நொறுங்கல்கள், ஒரே தலைக்கவசத்தின் பகுதிகள். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். முதலில், இந்தப் பொருட்களை எப்படிச் செய்தார்கள்?

ஆங்கிலோ-சாக்சன் பொற்கொல்லரின் பெருமை கார்னெட் என்ற கருஞ்சிவப்பு மணிக்கல் பதித்த அறை வேலையில் இருக்கிறது. தங்க அடித்தகட்டின்மேல் மெல்லிய தங்கப் பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்திப் பற்றவைத்து, தேன்கூடு போலச் சிறு சிறு அறைகளை உண்டாக்குவது முதல் வேலை. இங்கேயே சிக்கல் தொடங்குகிறது. அடித்தகடும் தங்கம், சுவரும் தங்கம். பற்று உருகும் வெப்பத்துக்கும் சுவரே உருகிச் சாயும் வெப்பத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. கம்பி வேலையில் இதற்கு அவர்கள் கையாண்ட வழி, செம்பு உப்பை ஒட்டும் பசையில் குழைத்து இணைப்பில் தடவிச் சூடாக்குவது. பசை கரியாகும், கரி செம்பு உப்பைச் செம்பாக மாற்றும், அந்தச் சிறிதளவு செம்பு தங்கத்தோடு கலந்து அந்த இடத்தில் மட்டும் உருகுநிலையைக் குறைக்கும். தூய தங்கம் உருக 1,064 பாகை வேண்டும். இணைப்பு அதற்கு வெகு முன்பே பிடித்துக்கொள்ளும். பற்று அதிகமானால் வழிந்து அறையின் மூலைகளை அடைக்கும், பிறகு கல் உட்காராது. கம்பியின் நுண்மணிகளுக்கிடையில் வழிந்தால் வேலையே மழுங்கிப்போகும். ஸ்டாஃபோர்ட்ஷயர் துண்டுகளில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கம்பியில் மணிமணியாக வரி விழுந்திருக்கிறது. பள்ளம் வெட்டிய கருவிக்கடியில் கம்பியை உருட்டி அந்த மணிகளை எடுத்திருக்கிறார்கள்.

அடுத்தது கல். கார்னெட்டின் கடினம் ஏறத்தாழ 7 முதல் 7.5, மணல், குவார்ட்ஸ் ஆகியவற்றுக்குச் சமம் அல்லது சற்று மேல். அதனால் மணலை மட்டும் வைத்துத் தேய்த்தால் பொழுது போகும், கல் தேயாது. குருந்தத் தூள் வேண்டும், சாணைச் சக்கரம் வேண்டும். கல்லைச் சீவி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அல்லது அதற்கும் கீழே மெலிய வைத்து, அறையின் வடிவத்துக்கு விளிம்பைச் செதுக்க வேண்டும். நேர்க்கோட்டு விளிம்பு எளிது. சாக்சன் வேலைப்பாட்டில் அதிகம் வருவது படிக்கட்டு விளிம்பு: ஒவ்வொரு படியின் உள்மூலையும் செங்கோணமாக நிற்க வேண்டும், பக்கத்து அறைக் கல்லின் படி அதற்கு எதிராகப் பொருந்த வேண்டும். உள்மூலையில்தான் கல் தெறிக்கும். இத்தனைக்கும் கண்ணாடி வில்லை இருந்ததற்குச் சான்று இல்லை.

மெல்லியதாகச் சீவுவதற்குக் காரணம் உண்டு. கார்னெட் தடித்தால் கறுத்துத் தெரியும். மெலிந்த கல்லுக்குக் கீழே நுண்ணிய கட்டங்கள் அச்சடித்த தங்கத் தாளை வைத்தால் உள்ளே போன வெளிச்சம் பல கோணங்களில் திரும்பி வரும். அந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டருக்குள் மூன்று நான்கு கோடுகள். அதற்கான அச்சை வெட்டிய கை எப்படிப்பட்ட கை என்று நினைத்துப் பாருங்கள். அறையின் அடியில் தேன்மெழுகும் சுண்ணமும் போன்ற பொருட்களைக் குழைத்த பசை, அதன்மேல் அச்சுத் தாள், தாளின்மேல் கல், கடைசியாகச் சுவரின் மேல்விளிம்பைத் தேய்த்துக் கல்லின்மேல் லேசாகப் படிய வைப்பது. பசை அதிகமானால் கல் துருத்தும். குறைந்தால் கல் அமிழ்ந்து தாள் சுருங்கும், ஒளி செத்துவிடும். விளிம்பைப் படியவைக்கும் அழுத்தம் கொஞ்சம் கூடினால் அவ்வளவு மெல்லிய கல் விரிசல் விடும்.

கல் எங்கிருந்து வந்தது என்பதையும் இன்று அளக்க முடியும். இரும்பு மிகுந்த கார்னெட் ஒரு வகை, மக்னீசியம் மிகுந்தது வேறு வகை. கால்சியம், மாங்கனீசு, குரோமியம் ஆகியவற்றின் விகிதம் ஒவ்வொரு சுரங்கப் பகுதிக்கும் வேறுபடும். அந்த அளவீடுகளின்படி ஐந்து, ஆறாம் நூற்றாண்டு ஐரோப்பிய நகைகளில் பதித்த பெரிய கற்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவை. ஆறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அந்த வரத்து தளர்ந்தது; பிறகு இன்றைய செக் நாட்டுப் பொஹீமியாவின் கற்கள் அதிகமாகின்றன. அவை சில மில்லிமீட்டரே இருக்கும் சிறு கற்கள், அவற்றைச் சீவிப் பெரிய தகடு எடுக்க முடியாது. ஸ்டாஃபோர்ட்ஷயரிலும் சிறியவை பொஹீமியப் பக்கம், பெரியவை இந்திய, இலங்கைப் பக்கம் என்றே கணிக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டு நகை ஒன்றில் நகத்தளவு ஒற்றைக் கார்னெட்டைக் கண்டால் அது பழைய நகையிலிருந்து பெயர்த்து மறுபடி பதித்ததா என்று சந்தேகப்படுவது நியாயம்.

தங்கத்துக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. இங்கிலாந்தில் அப்போது பெரிய தங்கச் சுரங்கம் எதுவும் இந்த அளவுக்குத் தங்கம் தரவில்லை. கான்ஸ்டாண்டிநோப்பிளில் அடித்த தங்கக் காசுகள் பிராங்குகளின் நாடு (இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதியும்) வழியாக வந்து உலையில் உருகின. ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்த வரத்து வற்ற, பிராங்கு நாணயங்களில் வெள்ளி கூடிக்கொண்டே போனது. நாணயத்தின் மாற்று (தங்கத்தின் தூய்மை அளவு) குறையக் குறைய, அதை உருக்கிச் செய்த சாக்சன் நகையின் மாற்றும் குறைந்தது. ஏறத்தாழ 675-க்குப் பிறகு இங்கிலாந்தில் தங்க நாணயத்தின் இடத்தை வெள்ளி நாணயம் பிடித்தது.

இதைத் தெரிந்துகொண்டு நகையின் மாற்றை அளந்து காலம் சொல்லலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு பொறி. ஸ்டாஃபோர்ட்ஷயர் தங்கத்தை நுணுக்கமாக ஆய்ந்தபோது, மேற்பரப்பில் தங்கத்தின் விகிதம் உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தது. மண்ணுக்குள் கிடக்கும்போது வெள்ளி தானாகக் கொஞ்சம் கரைவது உண்டு. ஆனால் இங்கே சில தகடுகளில் பொற்கொல்லரே உப்புச் சேர்மங்களைத் தடவிச் சூடாக்கி மேற்பரப்பு வெள்ளியை வேண்டுமென்றே வெளியேற்றியிருக்கிறார். பின்னணித் தகடு ஆழ்ந்த மஞ்சளாகவும் மேலே ஓடும் கம்பி சற்று வெளிறியும் நின்றால் கோலம் எடுப்பாகத் தெரியும். ஆகவே உரைகல்லோ மேற்பரப்பை மட்டும் படிக்கும் எக்ஸ்-கதிர்க் கருவியோ இங்கே ஏமாந்துபோகும். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தை மிகச் சிறிதாகச் சுரண்டி உள்ளுலோகத்தை அளந்தால்தான் உண்மையான மாற்று தெரியும்.

ஸ்டாஃபோர்ட்ஷயர் துண்டுகளைச் சுத்தம் செய்தவர்கள் கற்றுத்தந்த பாடமும் அருமையானது. உயர்ந்த மாற்றுத் தங்கம் மென்மையானது. எஃகு ஊசியோ ஸ்கால்பெலோ பட்டால் கோடு விழும், அந்தக் கோடு பழைய கருவித் தடயத்தோடு கலந்துவிடும். எனவே பாதுகாப்பாளர்கள் இயற்கை முள்ளைப் பிடியில் செருகி, நுண்ணோக்கியின் கீழ் மண்ணை மணி மணியாக எடுத்தார்கள். முள் மண்ணை அசைக்கும், தங்கத்தைக் கீறாது. எல்லா மண்ணையும் எடுத்துவிடவும் கூடாது. பசை மக்கிப்போன அறையில் கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மண்ணாகவே இருக்கக்கூடும்.

இப்போது சஃபோக் மாவட்டத்துக்கு வருவோம். டெபன் ஆற்றங்கரை மேட்டில் உள்ள சட்டன் ஹூவில், நில உரிமையாளர் ஈடித் பிரிட்டியின் அழைப்பில் 1938-இல் அகழாய்வாளர் பேசில் பிரவுன் சில மண்மேடுகளைத் தோண்டினார். 1939 மே மாதம் முதலாம் மேட்டைத் தொட்டபோது துருப்பிடித்த இரும்பு ஆணி ஒன்று கிடைத்தது. கிடைத்த ஆணியைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு மேலே போயிருந்தால் நமக்கு அந்தக் கப்பல் கிடைத்திருக்காது. அவர் ஆணிகளை அதே இடத்தில் விட்டார். உள்பக்க மணலை மட்டும் மெல்ல ஒதுக்கிக்கொண்டு ஆணி வரிசையைத் தொடர்ந்தார். அமில மணலில் மரம் முழுதும் மக்கியிருந்தாலும் பலகைகளின் அச்சு நிறம் மாறிக் கெட்டித்த மணலாக நின்றது. 27 மீட்டர் நீளம், பக்கத்துக்கு ஒன்பது பலகை வரிசை, 26 விலாக்கட்டைகள் கொண்ட ஒரு கப்பல், ஒரு துண்டு மரம்கூட இல்லாமல் வெளிப்பட்டது.

ஜூலையில் கேம்பிரிட்ஜின் சார்ல்ஸ் பிலிப்ஸ் பொறுப்பேற்றார். கப்பலின் நடுவில் இருந்த கல்லறை அறையில் முதல் தங்கத்தைக் கண்டவர் பெகி பிகட். போர் நெருங்கிக்கொண்டிருந்ததால் மிக வேகமாக வேலை நடந்தது. ஆகஸ்ட் 14 அன்று நடந்த விசாரணையில், திரும்ப எடுக்கும் எண்ணமின்றி இறந்தவரோடு புதைத்த பொருள் அரசுக்குரிய புதையல் ஆகாது, அது நில உரிமையாளருடையது என்று முடிவானது. ஈடித் பிரிட்டி அத்தனையையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அந்த நாட்டின் அருங்காட்சியகங்களுக்கு உயிரோடிருந்த ஒருவர் தந்த கொடைகளில் இதற்கு நிகரானது அரிது.

இந்தக் கல்லறை தப்பியதே ஒரு நல்வாய்ப்பு. பதினாறாம் நூற்றாண்டை ஒட்டிக் கொள்ளையர் அதன் நடுவில் குழி தோண்டியிருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன சாடியின் உடைசல்கூடக் கிடைத்தது. ஆனால் இடைக்காலத்தில் வேலியும் உழவும் மேட்டின் மேற்குப் பகுதியைத் தின்றிருந்ததால் கண்ணுக்குத் தெரிந்த நடு, உண்மையான நடுவாக இல்லை. அறையைத் தொடாமலே குழி முடிந்துவிட்டது.

உள்ளே இருந்தவற்றில் 412.7 கிராம் எடையுள்ள தங்க இடைவார்க் கொக்கியும் கார்னெட் தோள்பூட்டுகளும் எல்லாரும் படத்தில் பார்த்தவை. எனக்கு அதிகம் பிடித்தது பணப்பையில் இருந்த 37 பிராங்குத் தங்கக் காசுகள். ஒவ்வொன்றும் வெவ்வேறு நாணயக்கூடத்தில் அடித்தது. கைக்குக் கிடைத்த காசைப் போட்டால் இப்படி அமையாது, யாரோ பொறுக்கியெடுத்திருக்கிறார்கள். அவற்றோடு அச்சு விழாத மூன்று வட்டுகளும் இரண்டு சிறு தங்கக் கட்டிகளும் இருந்தன. வட்டும் காசும் சேர்ந்து நாற்பது என்பதால் நாற்பது துடுப்போட்டிகளுக்கான கூலி என்ற விளக்கம் உண்டு. அழகான விளக்கம், நிறுவ வழியில்லை. காலக்கணிப்புக்கோ இந்தக் காசுகள் நேரடியாக உதவின. ஒவ்வொன்றையும் காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டு அடர்த்தி கண்டார்கள். தங்கம் வெள்ளியைவிட மிகக் கனமானது என்பதால் அடர்த்தி குறைந்தால் மாற்று குறைவு. மாற்று குறைந்தால் காசு பிற்காலத்தது. காசைக் கீறாமலே காலம் கிடைத்தது. இன்று அந்தத் தொகுப்பை 610-க்கும் 635-க்கும் இடையில் வைக்கிறார்கள். ஏறத்தாழ 624-இல் இறந்த கிழக்கு ஆங்கிலிய மன்னன் ரெட்வால்டோடு அது பொருந்துகிறது. உடல் கிடைக்கவில்லை, அமில மணல் எலும்பையும் விட்டுவைக்காது. அறை இருந்த இடத்து மண்ணில் மிகுந்திருந்த பாஸ்பேட்தான் ஓர் உடல் இருந்ததற்கான குறி.

துணியும் அப்படியே மக்கியிருக்க வேண்டும். ஆனால் இரும்போ செம்போ அருகில் இருந்த இடத்தில், துருவின் உப்புகள் நூலுக்குள் ஊறி, நூல் போனபின்னும் நெசவின் வடிவத்தை விட்டுவைத்தன. பழைய இரும்பின்மேல் இருக்கும் துருவைப் பளிச்சென்று தேய்த்தெடுப்பவர்கள் அந்தக் காலத்துத் துணியையும் சேர்த்துத் தேய்த்தெறிகிறார்கள். துருவுக்குள் உறைந்துபோன வாளையும் எக்ஸ்-கதிரால்தான் படித்தார்கள். ஏழு ஏழு இரும்புக் கம்பிகளை ஒன்றாக்கிய கட்டுகள் எட்டு, முறுக்கியும் நேராகவும் அடித்து இணைத்த அலகு அது.

தலைக்கவசம் அறையின் கூரை விழுந்து 500-க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியிருந்தது. ஹெர்பர்ட் மேரியன் 1940-களின் நடுவில் முதலில் அதை ஒட்டி நிறுத்தினார். பாதுகாப்பு போதாத கவசமாக அது இருந்தது: கழுத்து திறந்து கிடந்தது, முகமூடி பொருந்தவில்லை. நைஜல் வில்லியம்ஸ் அதை மறுபடி துண்டுதுண்டாகப் பிரித்து, துண்டின் தடிப்பையும் உள்பக்க நிறத்தையும் தகட்டுக் கோலத்தையும் வைத்துப் புதிதாகக் கோத்து 1971-இல் முடித்தார். இன்று நாம் காணும் முகம் அதுதான். அந்தத் தொகுப்பின் யாழுக்கும் இதே கதி. முதலில் சிறு ஹார்ப்பாக ஒட்டப்பட்டது, பின்னர்தான் அது லயர் வகை யாழ் என்று தெளிந்தது. ஸ்டாஃபோர்ட்ஷயர் கவசத்தைக் கையாண்டவர்கள் இதைக் கற்றிருந்தார்கள். மூலத் துண்டுகளை ஒட்டாமல் விட்டு, 2018-இல் தனியாக ஒரு மறுபடைப்பு செய்து காட்டினார்கள். புதிய சான்று வந்தால் மறுபடைப்பை மாற்றிக்கொள்ளலாம், மூலம் கெடாது.

சட்டன் ஹூ கவசத்தின் புருவங்களில் கார்னெட் பதித்திருக்கிறார்கள். ஒரு புருவத்தின் கற்களுக்கு அடியில் அச்சுத் தங்கத் தாள் இருக்கிறது, மற்றதில் இல்லை. பகலில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தெரியலாம். நெருப்பு வெளிச்சம் மட்டும் உள்ள மண்டபத்தில் ஒரு புருவம் சுடர்விடும், மற்றது இருண்டிருக்கும். ஒற்றைக் கண் தெய்வமான வோடனைக் குறித்து வேண்டுமென்றே இப்படிச் செய்தார்கள் என்ற விளக்கத்தை நான் நம்பத் தயார். கார்னெட்டின் அடித்தாளைப் பற்றி அந்த அளவுக்குத் தெரிந்த கூடம் தற்செயலாக ஒரு பக்கத்தை விட்டுவிடாது.

ஆயுதமும் அரசனும் மட்டும் அந்தச் சமூகம் ஆகாது. நார்தாம்டன்ஷயரின் ஹார்போலில் 2022-இல் கட்டுமானத்துக்கு முந்தைய அகழாய்வில் ஒரு பெண்ணின் கழுத்தணி கிடைத்தது: ரோமானியக் காசு, தங்கம், கார்னெட், கண்ணாடி, பிற கற்கள் என்று மணியும் பதக்கமுமாக 30. காலம் ஏறத்தாழ 630 முதல் 670. அதே தலைமுறையில் ஆண்களின் கல்லறைகளில் பொருட்கள் குறைய, செல்வப் பெண்கள் சிலர் சிலுவையோடும் கழுத்தணியோடும் அடக்கமாகிறார்கள். கேம்பிரிட்ஜ் அருகே டிரம்பிங்டனில் பதினாறு வயதை ஒட்டிய ஒரு பெண் கட்டிலோடு புதைக்கப்பட்டிருக்கிறாள், மேலே கார்னெட் பதித்த தங்கச் சிலுவை. ஸ்டாஃபோர்ட்ஷயரில் விடுபட்ட பாதி உலகம் இந்தக் கல்லறைகளில் இருக்கிறது.

இதற்கும் கீழே, தங்கமே காணாத பெரும்பான்மை. சஃபோக்கின் வெஸ்ட் ஸ்டோ ஊரில் ஐந்திலிருந்து ஏழாம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்கள் விட்டுப்போனவை குழிமேல் எழுப்பிய மரக் குடில்களின் தடம், மான்கொம்புச் சீப்பு, நூற்புக் கதிரின் கனவட்டு, நெசவுத்தறியில் பாவு நூலை இழுத்துப்பிடிக்கத் தொங்கவிட்ட சுட்ட மண் வளையங்கள். குடிலின் தரையில் இந்த வளையங்கள் வரிசையாகக் கிடந்தால் தறி நின்ற இடமும் அகலமும் தெரிந்துவிடும். நார்ஃபோக்கின் ஸ்பாங் ஹில்லில் 2,000-க்கும் மேற்பட்ட சாம்பல் தாழிகள். சிலவற்றுக்குள் எரிந்த எலும்போடு சிறிய இடுக்கியும் கத்தரியும் சீப்பும் வைத்திருக்கிறார்கள். இவை எதற்கும் சந்தை விலை இல்லை. அந்த மக்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இவற்றிலிருந்துதான் வருகிறது.

தொலைதூரத் தொடர்பும் தங்கத்தில் மட்டும் இல்லை. 735-இல் ஜாரோ மடத்தில் இறந்த, வரலாறு எழுதிய துறவி பீட், கடைசி நாளில் தன் பெட்டியில் இருந்த அருமைப் பொருட்களை உடன் துறவிகளுக்குப் பங்கிட்டார் என்று அவருடைய மாணவர் எழுதிய கடிதம் சொல்கிறது. மிளகு, துணிகள், சாம்பிராணி. அந்த மிளகு விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில். மண்ணுக்குள் மிளகு மிஞ்சுவது அபூர்வம் என்பதால் இத்தகைய செல்வத்துக்கு எழுத்துதான் சாட்சி.

புதையலைத் தோண்டும் விதம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரே ஆண்டில் கிடைத்த இரண்டு தொகுப்புகள் காட்டின. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் வாட்லிங்டனில் வெள்ளி நாணயங்களைக் கண்டவர் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். நிபுணர் வந்து மண்ணோடு கட்டியாக வெட்டியெடுத்துப் பொதிந்து, லண்டனில் ஆய்வகத்துக்குள் பிரித்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் தெற்கு இங்கிலாந்தின் வெசெக்ஸை ஆண்ட மன்னன் ஆல்ஃபிரடின் நாணயமும் மெர்சியாவின் இரண்டாம் கெயோல்வுல்ஃபின் நாணயமும் அருகருகே இருந்தன. இருவரும் ஒரே வடிவத்தில், ஒரே காலத்தில் அடித்திருக்கிறார்கள். ஆல்ஃபிரடின் பக்கத்தவர் எழுதிய வரலாற்றுக் குறிப்பேடு கெயோல்வுல்ஃபை டேனியர்களின் (வைக்கிங் படையெடுப்பாளர்களின்) கைப்பாவையான மூடன் என்று தள்ளுகிறது. காசுகளோ இருவரும் கூட்டாளிகள் என்கின்றன. 2017-இல் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 13.5 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கியது.

அதே ஆண்டு ஹெரிஃபோர்ட்ஷயரில் லெமின்ஸ்டர் அருகே அதே காலத்து, அதே வகைத் தொகுப்பு கிடைத்தது. கண்டவர்கள் மறைத்து விற்றார்கள். 2019-இல் சிறைத்தண்டனை வந்தபோது 300 அளவில் இருந்ததாகக் கருதப்படும் நாணயங்களில் 31 மட்டும் மீண்டிருந்தன. பிறகு இன்னும் சில கைப்பற்றப்பட்டன. மீண்டவற்றில் யார் காசு எத்தனை என்று எண்ணுவதில் பயனில்லை, ஏனென்றால் மொத்தம் என்னவென்று தெரியாது. எந்தக் காசு எந்தப் பையில் எதனோடு கிடந்தது என்பதும் போயிற்று.

இங்கிலாந்தில் இன்று பொருந்துவது 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். 300 ஆண்டுக்கு மேற்பட்ட, எடையில் பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் புதையல். அத்தகைய நாணயமானால் ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே போதும். 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வட்டாரத்துக்கு ஒருவராக இருக்கும் தொல்பொருள் தொடர்பு அலுவலர் அதற்கு உதவுவார். அருங்காட்சியகம் விரும்பினால் மதிப்பீட்டுக் குழு சொல்லும் விலை வழக்கமாகக் கண்டவருக்கும் நில உரிமையாளருக்கும் பாதிப் பாதி. ஸ்டாஃபோர்ட்ஷயர் தங்கத்தைப் பர்மிங்ஹாம், ஸ்டோக் அருங்காட்சியகங்கள் இப்படித்தான் வாங்கின.

உரிமையாளரின் அனுமதியோடு வயலில் தேடுபவர் செய்ய வேண்டியது சிக்கலானது இல்லை. இரண்டாவது காசோ தகடோ தென்பட்டதும் தோண்டுவதை நிறுத்த வேண்டும். எடுத்தவற்றின் இடத்தை ஜிபிஎஸ் எண்ணோடு குறித்து, ஆழத்தை அளந்து, குழியின் படத்தை அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். எடுத்த துண்டை மண்ணோடு, அமிலமில்லாத தாளில் தளர்வாகப் பொதிந்து தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். தண்ணீரில் அலசக் கூடாது, எலுமிச்சைச் சாறு கூடாது, பல் துலக்கும் பிரஷ் கூடாது. வெள்ளிக் காசின் எழுத்தும் இரும்பின் துணித் தடமும் கார்னெட் அறையின் பசையும் அதில்தான் போகும். நெளிந்த தகட்டை நிமிர்த்தவும் கூடாது. குழியை மண்ணால் மூடி, மேலே உழவர் உழாதபடி உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, தொடர்பு அலுவலரை அழைக்க வேண்டும். அவர் வரும்வரை அந்த வயலின் பெயரை இணையத்தில் எழுதக் கூடாது.